சீனிராஜ் செய்த நாற்பத்தொரு புகார்கள்

வாங்கண்ணே, வாங்க. டிவி ரிப்பேருக்குத்தானே? உங்க சட்டையைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சுட்டேன். உக்காருங்க முதல்ல. டிஷ் மாடியிலதான் இருக்கு, அது எங்கயும் பறந்து போயிடாது. இந்த வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு சர்பத் குடிச்சுட்டு ஏறுங்க. நன்னாரியா, எலுமிச்சையா? நன்னாரியே குடிங்க, சூட்டுக்கு நல்லது. கொஞ்சம் சப்ஜா விதை போடச் சொல்லவா? மேல ஒரு கரண்டி ஐஸ்கிரீம்? வேண்டாமா? சரி, சப்ஜாவாவது இருக்கட்டும். என்னங்க, அண்ணனுக்கு ஒரு நன்னாரி, பெரிய கிளாஸ்ல, சப்ஜா போட்டு!

அந்த மிக்ஸி பக்கத்துல நிக்கிறாரே, அவர்தான் சீனிராஜ். உங்க போன்ல கஸ்டமர் பேருன்னு வந்திருக்குமே, அவரேதான். எனக்கு வீட்டுக்காரர். நான் மேகலா. சொந்த ஊரு ஓமலூர், சேலம் பக்கம். ஓமலூர்க்காரி இந்தச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல எப்படி சர்பத் கடையில உக்காந்திருக்கான்னு கேளுங்க. கேக்க மாட்டீங்களா? பரவாயில்ல, நானே சொல்றேன். ஏன்னா இது உங்க கம்பெனி பஞ்சாயத்து. ஒன்றரை வருஷமா ஓடுது. இன்னைக்கு நீங்கதான் தீர்ப்பு சொல்லிட்டுப் போகணும்.

நானும் உங்க கம்பெனிதான்ணே! நீங்க டிஷ்ஷைத் திருப்புனீங்க, நான் ஆளைத் திருப்புனேன். சென்னையில, அம்பத்தூர்ல, கஸ்டமர் கேர். நாலு வருஷம். பேருதான் கஸ்டமர் கேர். உள்ள வந்து பார்த்தீங்கன்னா சந்தைக்கடை. படம் வரலன்னு ஒருத்தர் போன் பண்ணினா, அவருக்குப் படம் வர வைக்கிறதுக்கு மார்க் கிடையாது. படம் வராத ஆளுக்கு ஒரு சேனல் பேக் வித்தா மார்க். எங்க டீம் லீடர் பிரசன்னா சார் தினமும் காலையில நிக்க வச்சுச் சொல்லுவார், "கோபமா வர்ற கஸ்டமர்தான் நம்ம லட்சுமி, அவங்களைச் சும்மா அனுப்பக் கூடாது"ன்னு.

ஒவ்வொருத்தர் மேஜையிலயும் ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருப்பாங்க. பவுடர் போடுறதுக்குன்னு நெனைச்சுடாதீங்க. நாம சிரிக்கிறோமான்னு பார்த்துக்கிட்டே பேசணும். சிரிச்சா அது குரல்ல தெரியுமாம். ஒருநாள் ஒரு அம்மா, வீட்டுக்காரர் தவறிட்டார், கனெக்‌ஷனை என் பேருக்கு மாத்துங்கன்னு அழுவுறாங்க. நான் கண்ணாடியைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே, "ரொம்ப வருத்தமா இருக்கும்மா, மனசுக்கு ஆறுதலா இருக்கும்"னு பக்திப் பேக் ஒண்ணு போட்டுவிட்டேன். அன்னைக்கு எனக்குத்தான் கிரீடம். ஆமாண்ணே, கிரீடம்! தங்கக் கலர் அட்டையில, பொறந்தநாள் கடையில விப்பாங்களே, அது. அதிகமா வித்தவ அதைத் தலையில வச்சுக்கிட்டே நாள் பூரா பேசணும். நான் மாசத்துல இருபது நாள் வச்சிருந்தேன். தலையில பள்ளமே விழுந்துச்சு.

அப்புறம் மூணு வேண்டாம் கணக்கு. கஸ்டமர் மூணு தடவை வேண்டாம்னு சொல்ற வரைக்கும் போனை வைக்க விடக் கூடாது. ரெண்டு வேண்டாமோட விட்டுட்டா அந்தப் போன் காலுக்கு முட்டை மார்க். நம்ம ஜனங்க இருக்காங்களே, ரெண்டு தடவை வேண்டாம்னு கறாராச் சொல்லுவாங்க. மூணாவது தடவை சொல்றதுக்கு ஒரு கூச்சம் வந்துரும். பாவம் பொண்ணு இவ்வளவு நேரம் கெஞ்சுதேன்னு. அந்தக் கூச்சத்துலதான் எனக்கு நாலு வருஷம் சோறு.

புகாரா? அதுக்கும் ஸ்கிரீன்ல ஒரு பக்கம் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், நான் அதைத் திறந்ததே இல்ல. திறந்தா மூணு நிமிஷம் போயிடும், அந்த மூணு நிமிஷத்துல இன்னொரு ஆளைப் பிடிக்கலாம். "பதிவு பண்ணிட்டேன் சார், நாப்பத்தெட்டு மணி நேரத்துல ஆள் வருவாங்க"ன்னு வாயில சொல்லிட்டு அடுத்த காலுக்குப் போயிடுவோம். முறைக்காதீங்கண்ணே! உங்களுக்கும் ஏறுற வேலை குறைஞ்சதுல்ல?

சர்பத் வந்துருச்சு, குடிங்க. இனிப்பு சரியா இருக்கா?

இப்ப கதைக்கு வரேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, பொங்கல் முடிஞ்ச மறுநாள். எனக்கு ஒரு கால். எடுத்ததுமே கத்துறார். "மேடம், கடையில டிவி படம் வரல, கிரிக்கெட் நடக்குது, என் கூட்டம் பூரா எதிர்த்த டீக்கடைக்குப் போயிருச்சு, நான் ஒத்தையில ஈ ஓட்டுறேன்"ன்னு. முதல்ல மன்னிப்பு கேட்டேன். அப்புறம் புகழணும், அது எங்க முறை. "சார், உங்க குரல்ல ஒரு தெளிவு இருக்கு சார்"னேன். அப்புறம் ஸ்போர்ட்ஸ் பேக்கை எடுத்துவிட்டேன்.

"படமே வராத டிவிக்கு ஸ்போர்ட்ஸ் பேக் எதுக்கு மேடம்?"னு கேட்டார்.

"படம் வந்ததும் பாக்கலாம்ல சார்"னேன்.

சிரிச்சார்ணே! கத்திக்கிட்டிருந்த மனுஷன் குபீர்னு சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டார். நாலு வருஷத்துல எத்தனையோ பேர் என்னைத் திட்டிக்கிட்டே வாங்கியிருக்காங்க. சிரிச்சுக்கிட்டு வாங்கினது இவர் ஒருத்தர்தான்.

மூணாம் நாள் மறுபடி கால். "மேகலா மேடத்துக்குக் குடுங்க"ன்னு பேரைச் சொல்லிக் கேட்டிருக்கார்! வேற பொண்ணு எடுத்து விக்கப் பார்த்தா, மூச்சு விடாம வேண்டாம் வேண்டாம் வேண்டாம்னு மூணையும் ஒண்ணாச் சொல்லிடுவாராம். என்கிட்ட மட்டும் வாங்குவார். பிரசன்னா சாரே சொல்லிட்டார், "அந்தச் சாத்தூர் நம்பர் வந்தா நேரா மேகலாவுக்குத் தள்ளுங்க, எதுக்கு நமக்கு நஷ்டம்"னு.

அடேயப்பா, என்னென்ன வித்திருக்கேன் தெரியுமா! சமையல் பேக் வித்தேன். இங்கிலீஷ் படப் பேக் வித்தேன். பெங்காலிப் பேக்கே வித்தேன்ணே! "பெங்காலி எனக்கெதுக்கு மேடம்?"னார். "சாத்தூர்லயே உங்ககிட்ட மட்டும்தான் சார் இருக்கும்"னேன். போட்டுருங்கன்னுட்டார். ஒருநாள் கார்ட்டூன் பேக். "வீட்டுல குழந்தைங்க இருக்காங்களா சார்?"னு கேட்டேன். "எனக்குக் கல்யாணமே ஆகல மேடம்"னார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "ஆகும்ல சார், அப்ப வேணும்ல"ன்னுட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. நாலு செகண்டு. எங்களுக்கு செகண்டுக் கணக்குத் தெரியும்ணே, ஸ்கிரீன்ல ஓடும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அப்புறம் மெதுவா, "சரி மேடம், போடுங்க"ன்னார். எனக்குக் காது மடல் சுட்டுருச்சு. ஹெட்போனைக் கழட்டி ஊதினேன்.

என்னங்க, அந்த நாலு செகண்டு என்ன நெனைச்சீங்க? சொல்லுங்களேன், அண்ணன் கேக்குறார்ல!

பார்த்தீங்களா? மிக்ஸியைப் போட்டுட்டார். உள்ள ஒண்ணுமே கிடையாது, வெறும் ஜார். நான் இதைக் கேட்டா எப்பவும் இதே கதைதான்.

இப்படியே நாலு மாசம். மொத்தம் நாப்பத்தொண்ணு கால். ஒவ்வொண்ணும் என்ன தேதி, என்ன வித்தேன், எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு தடவையும் முதல் வார்த்தை, "மேடம், படம் வரல." கடைசி வார்த்தை, "சரி மேடம், போடுங்க." நடுவுல என்னென்னமோ பேசுவோம். நன்னாரி வேரை எத்தனை நாள் ஊற வைக்கணும், என் ஹாஸ்டல் சாம்பார்ல பருப்பு எங்க இருக்கும், இப்படி. கூட வேலை பார்த்தவளுங்க எல்லாம் கிண்டல் பண்ணுவாளுங்க. "ஏய், உன் படம் வராதவர் லைன்ல இருக்கார்டி"ன்னு.

நாப்பத்தொண்ணாவது கால்லதான் வந்துச்சு வினை. மே மாசம், வியாழக்கிழமை. இருபத்தாறு நிமிஷம் பேசியிருக்கேன். வைக்கும்போது அவரே கேட்டார், "என்ன மேடம், இன்னைக்கு ஒண்ணும் விக்கலையா?"ன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "மறந்துட்டேன் சார்"னேன். சத்தியமா மறந்துட்டேன்ணே! நான், மேகலா, கிரீடம் வச்சவ, விக்க மறந்துட்டேன்!

மறுநாள் அந்தக் காலை மேலிடத்துல எடுத்துக் கேட்டுட்டாங்க. பிரசன்னா சார் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்க்கணுமே, வீட்டுல திருட்டுப் போன மாதிரி. "இருபத்தாறு நிமிஷம், சேல் இல்ல, மேகலா. என்னதான் பேசின?" "எலுமிச்சை ஊறுகாய் சார்"னேன். "இனிமே அந்த நம்பர் உனக்கு வராது. தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு சீட்டுக்குப் போ"ன்னார். எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. அந்த நம்பர் வராதுன்னதும் சீட்டுக்குப் போகல. கிரீடத்தைக் கழட்டி அவர் மேஜையில வச்சேன். "சார், எனக்கு இந்த வேலை வேண்டாம், வேண்டாம், வேண்டாம்"னு மூணு தடவை சொன்னேன். அவரால என்ன பண்ண முடியும்? அவர் போட்ட ரூலு!

ஞாயித்துக்கிழமை காலையில சாத்தூர்ல இறங்கிட்டேன். விலாசம் ஸ்கிரீன்ல பார்த்ததுதான். தப்புத்தான், கஸ்டமர் விலாசத்தை நாம வச்சுக்கக் கூடாது. ஆனா வச்சுக்கிட்டேன். கடை வாசல்ல நின்னு, என்ன சொல்றதுன்னு தெரியாம, பழக்க தோஷம், "வணக்கம் சார், நான் மேகலா பேசுறேன், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"னேன். கையில இருந்த கண்ணாடி ஜாடியைக் கீழ போட்டார் பாருங்க! கடை பூரா ரோஸ் எசன்ஸ். ரெண்டு நாள் எறும்பு போகல.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல ரகளை, இவங்க வீட்டுல ரகளை, எல்லாம் நடந்து, ஆறு மாசத்துல கல்யாணம். எங்கப்பா மட்டும் இன்னும் சொல்லுவார், "மெட்ராசுக்கு வேலைக்குப் போனவ சர்பத் கடையைக் கண்டுபிடிச்சுட்டு வந்திருக்கா"ன்னு. சந்தோஷமாத்தான் இருக்கேன்ணே. இவர் தங்கம். நான் வந்ததுக்கப்புறம் வியாபாரமும் ரெட்டிப்பு. நான் இப்ப யார்கிட்டயும் எதையும் விக்கிறதே இல்ல, சும்மா ரெண்டு வார்த்தை பேசுவேன், அவங்களா வாங்கிட்டுப் போறாங்க. ஒரு கடலை மிட்டாய் எடுத்துக்கங்க. எடுங்க. வீட்டுக்கு ஒரு பாக்கெட் கட்டிடவா?

ஆனா ஒரே ஒரு பஞ்சாயத்து. நான் சொல்றேன், இந்த மனுஷன் நாப்பத்தொரு தடவை கூப்பிட்டது எனக்காக. அவர் சொல்றார், டிவிக்காக.

டிவிக்காகவாம்! நல்லாக் கேளுங்க. நான் வந்து இறங்கின அன்னைக்கு டிவி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. "எப்ப சரியாச்சு?"ன்னேன். "நேத்துத்தான், உள்ளூர் மெக்கானிக் ஒருத்தர் பார்த்துக் குடுத்தார்"ன்னார். அதை வச்சே ஒன்றரை வருஷமா வழக்கு நடத்துறார். "டிவி கெட்டுச்சு, கூப்பிட்டேன். டிவி சரியாச்சு, நிறுத்திட்டேன். சரியானதுக்கப்புறம் ஒரு கால் பண்ணியிருந்தா நீ சொல்றது நியாயம். பண்ணினேனா?"ம்பார். வக்கீல் தோத்தார் போங்க.

பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் இதைத்தான் பேசுறாங்க. "சீனி டிவிக்கு ஆள் கேட்டான், கம்பெனி பொண்டாட்டியை அனுப்பிருச்சு"ன்னு. இவர் அக்கா ஒரு கல்யாண வீட்டுல என்னை எப்படி அறிமுகப்படுத்துனாங்க தெரியுமா? "இவதான் டிவி ரிப்பேர்ல வந்தவ." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எனக்குத்தான் சிரிக்கத் தெரியுமே.

போன வாரம் இடி இடிச்சதுல டிவி மறுபடி போச்சு. இவர் வேணும்னே என்கிட்டயே சொல்றார், "கம்ப்ளெயின்ட் குடும்மா, நீதான் அந்த ஆபீசு"ன்னு. நானே போன் பண்ணினேன். எடுத்த பொண்ணு என்கிட்டயே பெங்காலிப் பேக் விக்குது! என்ன தைரியம்! வாங்கலண்ணே. சமையல் பேக் மட்டும்தான் வாங்கினேன். ஆனா புகாரையும் பதிவு பண்ண வச்சுட்டேன், அதனாலதான் நீங்க வந்திருக்கீங்க.

என்ன பார்க்குறீங்க போன்ல? பழைய ரிப்பேரா? அப்படி எதுவும் இருக்காதுண்ணே. உங்க கம்பெனியிலிருந்து ஒருத்தரும் இந்தக் கடை வாசலை மிதிச்சதில்ல. எப்படி மிதிப்பாங்க? நான்தான் ஒரு தடவைகூடப் பதிவே பண்ணலையே.

என்னது? வந்திருக்காங்களா?

குடுங்க, குடுங்க அந்தப் போனை. எங்க? மார்ச் பன்னெண்டா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மார்ச் பன்னெண்டு. "கேபிள் மாற்றப்பட்டது. படம் சரியாக வருகிறது." அண்ணே, இது வேற யாரோடதோ இருக்கும். நல்லாப் பாருங்க. கஸ்டமர் நம்பர் இவரோடதுதான். கீழ என்ன, கையெழுத்தா? விரலால போடச் சொல்லுவீங்களோ? இதோ இருக்கே. "சீனி"க்கு அடியில ஒரு வாலு இழுத்திருக்கே. இந்த வாலு எனக்குத் தெரியும்ணே, எங்க கல்யாணப் பதிவுல இதே வாலு என் பேர் மேல ஏறிக்கிட்டு நிக்குது.

பதிவு பண்ணினது யாரு? மார்ச் பத்து. அது எனக்கு லீவு நாள். யாரோ ஒரு நல்லவ, புகாரைப் புகாரா எடுத்துக்கிட்டவ. அடிப்பாவி மேகலா, புகார்ப் பக்கத்தை ஒரே ஒரு தடவை திறந்திருந்தா இது அன்னைக்கே தெரிஞ்சிருக்குமேடி! எத்தனை நாள் எத்தனை கால் அந்த ஸ்கிரீன் முன்னாடி உக்காந்திருந்தேன்!

இருங்கண்ணே, எனக்குக் கணக்குப் போட வரல. மார்ச் பன்னெண்டு வரைக்கும் பதிமூணு கால். பதிமூணாவது, இங்கிலீஷ் படப் பேக். அதுக்கப்புறம் வந்தது? நாப்பத்தொண்ணுல பதிமூணு போனா... இருபத்தெட்டு. இருபத்தெட்டுண்ணே! கார்ட்டூன் பேக் ஏப்ரல்ல. ஊறுகாய் மே மாசம். இருபத்தெட்டு தடவை இந்த மனுஷன் நல்லா ஓடுற டிவிக்குக் கீழ நின்னுக்கிட்டு, "மேடம், படம் வரல"ன்னு சொல்லியிருக்கார்!

ஒண்ணுமில்லண்ணே. நீங்க குடிங்க. கண்ணுல தூசி எல்லாம் இல்ல, அழுகைதான், எதுக்கு மறைக்கணும். உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்றேன். எனக்காகத்தான் கூப்பிட்டார், எனக்காகத்தான் கூப்பிட்டார்னு ஊரெல்லாம் சவடால் விட்டேனே, எனக்கே அதுல நம்பிக்கை கிடையாது. பெங்காலிப் பேக் மாதிரிதான் அதையும் வித்துக்கிட்டுத் திரிஞ்சேன். டிவி சரியாகாம தவிச்ச ஒரு மனுஷன் தலையில நானா வந்து ஏறிக்கிட்டேன், அவர் நல்லவர்ங்கிறதால மூணாவது வேண்டாம் சொல்லலன்னுதான் உள்ளுக்குள்ள நெனைச்சுக்கிட்டிருந்தேன். தினமும் கல்லாவைத் திறக்கும்போது ஒரு தடவை நெனைப்பேன்.

என்னங்க. இங்க வாங்க. மிக்ஸியை விடுங்க, கரண்ட் பிளக்கைப் புடுங்கிட்டேன். வாங்கன்னா! இது என்ன தேதி? இது யார் கையெழுத்து? உள்ளூர் மெக்கானிக்கா? அந்த உள்ளூர் மெக்கானிக் பேரு என்ன, வீடு எங்க?

பஸ் ஸ்டாண்டுல தண்ணி லாரிக்காரனைக்கூட வாயால விரட்டுற ஆளு, வாய்க்குள்ளயே முனகுறார் பாருங்க. என்ன? சத்தமாச் சொல்லுங்க. "கெட்ட டிவிக்குக் கூப்பிட்டேன்னா மரியாதை. நல்ல டிவிக்குக் கூப்பிட்டேன்னு தெரிஞ்சா இந்த பஸ் ஸ்டாண்டுல தலைகாட்ட முடியுமா"வா? அதுக்கு நான் தலைகாட்ட முடியாம திரியணுமா? ஒன்றரை வருஷம்!

இன்னும் என்ன முணுமுணுப்பு? திருப்பிச் சொல்லுங்க. இல்ல, திருப்பிச் சொல்லுங்க, அண்ணனும் கேக்கட்டும்.

கேட்டீங்களாண்ணே? "மேட்ச் ஓடிக்கிட்டிருக்கும். உன் குரல் வந்ததும் டிவி சத்தத்தைச் சுத்தமா அணைச்சுருவேன். கடைசி ஓவர்ல கூட. கடையில நிக்கிறவங்க எல்லாம் கிளாஸைத் தட்டி என்னைத் திட்டுவாங்க. திட்டிட்டுப் போகட்டும்னு விட்டுருவேன்"ங்கிறார்.

அண்ணே, நீங்க மாடிக்குப் போங்க. ஏணி பின்னாடி சாத்தியிருக்கு. மெதுவா ஏறுங்க. டிஷ்ஷை நல்லா, நிதானமா, நட்டு ஒவ்வொண்ணாப் பாருங்க. மெதுவாவே இறங்குங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.